மாஸ்கோவுக்குப் போன நால்வர்

போரா, பேச்சா? – அத்தியாயம் 9

செக் அதிபர் எமில் ஹாக்கா பெர்லினில் ஒரே இரவில் நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது 1939 மார்ச். அதே ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவிலிருந்து ஃபின்லாந்துக்கு அழைப்பு வந்தது. 37 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு அது.

ஸ்டாலின் அப்போது முழு நாட்டையும் கேட்கவில்லை. லெனின்கிராடுக்கும் ஃபின்லாந்து எல்லைக்கும் இடையே 32 கிலோமீட்டர்தான் தூரம். நகரத்தை நகர்த்த முடியாது, எல்லையை நகர்த்துவோம் என்றார். கூடவே ஹாங்கோ முனை கடற்படைத் தளத்துக்குக் குத்தகையாக வேண்டும், ஃபின்லாந்து வளைகுடாத் தீவுகள் சில வேண்டும், கரேலியப் பூசந்தியில் உள்ள அரண்களை இடித்துவிட வேண்டும். இவற்றுக்கு ஈடாக, கேட்டதைப்போல இரு மடங்கு நிலம் தருவதாகச் சொன்னார். அது வடக்கே இருந்த காட்டு நிலம்.

பேசப் போனவர் யூஹோ பாசிகிவி. ரஷ்யாவை நன்கு அறிந்த முதியவர். கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடலாம் என்றே அவர் கருதினார். பாதுகாப்பு மன்றத் தலைவர் மன்னர்ஹைமும் அதையே சொன்னார். படையின் பலவீனம் தெரிந்தவர் அவர். வெளியுறவு அமைச்சர் எர்க்கோ மறுத்தார். ஸ்டாலின் வெறும் மிரட்டல் விடுகிறார் என்பது அவர் கணிப்பு. நவம்பர் 13 அன்று தூதுக்குழு வெறுங்கையுடன் மாஸ்கோவிலிருந்து கிளம்பியது. நவம்பர் 30 அன்று ஹெல்சின்கி மீது குண்டுகள் விழுந்தன.

‘பேசித் தீர்த்திருக்கலாமே’ என்பவர்கள் இதற்கு அடுத்த நாள் நடந்ததைக் கவனிப்பதில்லை. எல்லையோரச் சிற்றூரான தெரியோக்கியில் ஒரு ‘மக்கள் அரசு’ அறிவிக்கப்பட்டது. தலைவர், மாஸ்கோவில் வாழ்ந்துவந்த ஃபின்லாந்துக் கம்யூனிஸ்ட் ஓட்டோ கூசினென். சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் அவருடன் நட்பு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார். ஃபின்லாந்துடன் எங்களுக்குப் போரே இல்லை, முறையான அரசுடன் உறவோடு இருக்கிறோம் என்று உலகத்துக்குச் சொன்னார். ஹெல்சின்கியில் ரிஸ்டோ ரியூட்டி தலைமையில் புதிய அமைச்சரவை பதவியேற்றிருந்தது. எர்க்கோவின் இடத்துக்கு வந்த தன்னர் முதல் நாளிலிருந்தே சமாதானத்துக்கு வழி தேடினார். ஆனால் எதிர்த் தரப்பின் கணக்கில் அவருடைய அரசே இல்லை. இல்லாத அரசு யாரிடம் பேசும்?

அந்தக் கணக்கை மாற்றியவர்கள் சுவோமுஸ்ஸல்மியிலும் ராட்டே சாலையிலும் பனிச்சறுக்குக் கட்டைகளில் போன ஃபின்லாந்துச் சிப்பாய்கள். இரண்டு சோவியத் டிவிஷன்கள் அங்கே துண்டு துண்டாக வெட்டி அழிக்கப்பட்டன. பெட்ரோல் குப்பிக்கு ‘மொலோட்டோவ் காக்டெய்ல்’ என்று ஃபின்லாந்துக்காரர்கள் பெயர் சூட்டியதும் இந்தப் போரில்தான்.

ஜனவரியில் ஹெல்லா வூலியோக்கி என்ற நாடகாசிரியர், தன்னரின் அனுமதியோடு ஸ்டாக்ஹோம் போனார். பின்னாளில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டுக்கு அடைக்கலம் கொடுத்து, ‘பூண்டிலா’ நாடகத்துக்கு மூலக்கதையும் கொடுத்தவர் இவர்தான். ஸ்டாக்ஹோமில் சோவியத் தூதராக இருந்த அலெக்சாந்த்ரா கொலந்தாயுடன் ரகசியமாகப் பேசினார். மாத இறுதியில் மொலோட்டோவிடமிருந்து பதில் வந்தது: ரியூட்டி அரசுடன் உடன்பாடு காண்பதில் கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை. கூசினென் அரசு ஓசையில்லாமல் கைவிடப்பட்டது. என்னைக் கேட்டால், அந்தப் போரில் ஃபின்லாந்து ஈட்டிய மிகப்பெரிய வெற்றி இந்த ஒரு வரிப் பதில்தான்.

ஆனால் பிப்ரவரி 11 அன்று சோவியத் தளபதி திமொஷென்கோவின் படைகள் பூசந்தியில் சும்மா என்ற இடத்தில் அரண் வரிசையை உடைத்தன. ஃபின்லாந்திடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. களத்தில் நின்றவர்களை மாற்ற ஆட்கள் இல்லை. இந்த நேரம் பார்த்து பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புகிறோம் என்றன. அந்தப் படை வர வேண்டிய வழி நார்வேயும் சுவீடனும். வழியில்தான் ஜெர்மனிக்குத் தாது அனுப்பிய சுவீடன் இரும்புச் சுரங்கங்கள் இருந்தன. உதவியின் நோக்கம் புரிய அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சுவீடனும் நார்வேயும் வழிவிட மறுத்தன. ஆனாலும் அந்த வெற்று வாக்குறுதிக்கு ஒரு பலன் இருந்தது: மேற்கு நாடுகளோடு மோத நேருமோ என்ற கவலை ஸ்டாலினைப் பேச்சை விரைந்து முடிக்கத் தூண்டியது. ஹெல்சின்கி அந்த உதவியைக் கேட்காமலே, கேட்கக்கூடும் என்ற பயத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்!

மார்ச் 7 அன்று ரியூட்டி, பாசிகிவி, ஜெனரல் வால்டன், வொயோன்மா ஆகிய நால்வரும் மாஸ்கோவில் இறங்கினார்கள். இம்முறை ஸ்டாலின் முகம் காட்டவில்லை, எதிரே மொலோட்டோவ். பேரத்துக்கே இடமில்லை. பூசந்தி முழுவதும், பெரிய நகரங்களுள் ஒன்றான வீபுரியும், லடோகா ஏரியின் வடகரையும் போயின. ஹாங்கோ 30 ஆண்டுக் குத்தகைக்கு. வீபுரியை அப்போதும் ஃபின்லாந்துப் படைதான் பிடித்துவைத்திருந்தது. ஈடாக ஒரு சாண் நிலம்கூட இல்லை. அமைச்சர்கள் நியுக்கானெனும் ஹன்னுலாவும் எதிர்த்து ராஜினாமா செய்தார்கள். அதிகாரப் பத்திரத்தில் ஒப்பமிட்டபோது அதிபர் கல்லியோ, இதில் கையெழுத்திடும் கை வாடிப்போகட்டும் என்று சபித்துக்கொண்டார். அதே ஆண்டு பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விழுந்தது.

மார்ச் 13 காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் நின்றன. மொத்தம் 105 நாள். ஃபின்லாந்தின் தரப்பில் சுமார் 25,000 பேர் மாண்டிருந்தார்கள். சோவியத் தரப்பில் லட்சத்துக்கும் மேல். வெற்றிச் செய்திகளையே படித்துப் பழகியிருந்த மக்களுக்கு நிபந்தனைகள் வானொலியில்தான் தெரியவந்தன. அரைக்கம்பத்துக்குக் கொடிகள் இறங்கின. கரேலியாவிலிருந்து நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடு வாசலை விட்டு மேற்கே கிளம்பினார்கள். அவர்களை யாரும் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. சண்டையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற விவாதத்தில் இந்தக் கரேலியர்களின் குரல் அன்றும் இல்லை, இன்று எழுதுகிறவர்களிடமும் அதிகம் இல்லை.

ஆக, 1939இல் கேட்டதைக் கொடுத்திருந்தால் இவ்வளவு இழப்பு வந்திருக்காதோ? பாசிகிவிதான் சரியோ? இதற்கான பதிலை ஃபின்லாந்தில் தேடிப் பயனில்லை, வளைகுடாவின் தென்கரைக்குப் போக வேண்டும். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் அதே இலையுதிர்காலத்தில் தளங்களைக் கேட்டதும் கொடுத்தன. 1940 ஆகஸ்டில் அந்த நாடுகளே வரைபடத்தில் இல்லை. ஹெல்சின்கியைச் சோவியத் படை ஒருநாளும் ஆளவில்லை.

உக்ரைன் பற்றிய இன்றைய வாதங்களில் இரு தரப்பாரும் ஃபின்லாந்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். போரிடச் சொல்பவர் ராட்டே சாலையோடு நிறுத்திக்கொள்கிறார். பேசச் சொல்பவர் மார்ச் மாதத்தில் தொடங்குகிறார். ஜனவரிப் பதிலை இரண்டு பேருமே விட்டுவிடுகிறார்கள். டிசம்பரில் பேசியிருக்கவே முடியாது, ஏப்ரலில் பேச மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது என்பது என் கருத்து.

இந்தச் சமாதானம் 15 மாதம்தான் நீடித்தது. இழந்ததை மீட்கிறோம் என்று 1941 ஜூனில் ஃபின்லாந்து ஹிட்லரின் பக்கம் நின்று மறுபடி போருக்குப் போனது. வீபுரியை மீட்டதோடு நிற்காமல், பழைய எல்லையையும் தாண்டிப் போனார்கள். அந்த ஆசைக்கு ரியூட்டியும் தன்னரும் சிறையில் என்ன விலை கொடுத்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)