மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர்

பழைய ராணுவ லாரியை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பச்சை பெயின்ட்டுக்குத்தான் அலைகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது. பெயின்ட்டை விட்டுவிட்டு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் கல்லாக இருக்கிறதா, விளிம்பு வெடித்திருக்கிறதா? அந்த வண்டியின் ஆயுள் இப்போதைக்கு அந்த வாஷரில்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக்கு மேற்கே இருக்கும் கயத்தாற்றுப் பக்கம் இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு விமானம் எழும்ப வேண்டுமென்றால் தரையில் பெட்ரோல் லாரி, தண்ணீர் லாரி, ஆளேற்றும் லாரி என்று பல வண்டிகள் ஓடியாக வேண்டும். அந்தப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் ஷெவர்லேயும் செய்த ராணுவ வண்டிகள் மட்டுமே 4 லட்சத்தைத் தொட்டன. இந்தியாவுக்கு வந்தவற்றில் பல, போர் முடிந்ததும் ‘டிஸ்போசல் வண்டி’ என்று தனியார் கைக்கு மாறின. பிறகு ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தோடு ஜபல்பூரில் உருவான சக்திமான் வந்தது. 1996 வரை அது தயாரானது. வார்ப்பிரும்பு இன்ஜின், செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர், மூட்டுகளில் ஈயப்பற்று: இந்தத் தலைமுறை வண்டிகளின் உடற்கூறு ஏறக்குறைய இதுதான்.

எரிபொருள் தரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிட்டால், சிலிண்டர் தலையில் நீராவிக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். நீராவிக்கு வெப்பத்தை வாங்கிச் செல்லும் திறன் குறைவு. அந்த இடம் மட்டும் காய்ந்து, கேஸ்கெட் கருகும், தலை வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தை அடைக்கிறார்கள். சமையலறைக் குக்கரில் நடப்பதுதான் இங்கேயும். சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 7 பவுண்டில் 111. இன்றைய கார்களின் 15 பவுண்டில் 120 டிகிரிக்குச் சற்று மேல்.

மூடி அளப்பது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டுமே. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கயத்தாற்றில் 111 வரை தாங்க வைக்கும் அதே 7 பவுண்டு மூடி, லேயில் 103 வரைதான் தாங்க வைக்கும். மலையில் ஓடிய லாரிக்கு வாஷர் கசிந்தால் மிஞ்சுவது 88 டிகிரிதான்.

அப்படியானால் 15 பவுண்டு மூடியைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். பலர் போடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். போர்க்கால ஜீப்புகளின் மூடி 4 பவுண்டு அளவில் திறக்கும்படி அமைந்தது. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் அழுத்த மூடியே கிடையாது. எண்பது வருட ஈயப்பற்றின் மீது அதைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம் ஏறினால் மூட்டு பிரியும், மேல்தொட்டி உப்பும். மூடியின் வேலை அடைத்து வைப்பது மட்டுமல்ல, உரிய நேரத்தில் திறந்து வழிவிடுவதும்தான். வண்டிக் கையேட்டில் என்ன அழுத்தம் போட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும். மூடி குட்டையாக இருந்தால் கீழ் வாஷர் உள்விளிம்பைத் தொடவே தொடாது. மேலே இறுக்கமாகப் பூட்டியதுபோல் தெரியும், உள்ளே அழுத்தமே இருக்காது. பழைய டியூபிலிருந்து வாஷர் வெட்டிப் போடும் வழக்கமும் இதனால்தான் ஆபத்து. தடிமன் கூடினால் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும். திறக்கும் அழுத்தமும் ஏறிவிடும். சூடான தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் நன்றாகத் தாங்குவது ஈபிடிஎம் ரப்பர். எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். புது வாஷர் சில வாரத்திலேயே பருத்துப்போனால் தண்ணீரில் இன்ஜின் ஆயில் கலக்கிறதா என்று பாருங்கள்.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. வண்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த வால்வு உள்பக்கம் திறந்து காற்றையோ, வழிந்து துணைத் தொட்டியில் சேர்ந்த தண்ணீரையோ உள்ளே விடும். அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். ஹோஸ் கெட்டுவிட்டது என்று அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தூத்துக்குடிக் கரையில் இதற்கெல்லாம் மேலே ஒரு பகை இருக்கிறது: உப்பு. கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்டது. கரையோரக் கிணறுகள் பலவும் அதன் சாயலைத் தாங்கியவை. அந்தத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு, செம்பு, ஈயம் என்ற மூன்று உலோகங்களுக்கு இடையே ஒரு மின்கலமே உருவாகும், அரிப்பு விரையும். கடினநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடேறும்போது கரையாமல் பிரிந்து குழாய்களில் படியும். ‘உப்புப் பிடிச்சிருக்கு’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தப் படலம் செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிப்புத் தடுப்பு சேர்ந்த கூலன்ட்டும் போதும். ஒரு வசதி என்னவென்றால், கசியும் வாஷரை இந்த ஊரில் கண்டுபிடிப்பது எளிது: ரேடியேட்டர் கழுத்திலிருந்து கீழே வெள்ளைக் கோடு இறங்கியிருக்கும்.

சோதிக்கும்போது வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். 110 டிகிரியில் 15 லிட்டர் தண்ணீர் இருக்கும்போது மூடியைத் திறந்தால், கால் கிலோவுக்கு மேல் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகும். அது 450 லிட்டருக்கு மேற்பட்ட நீராவி. முகத்துக்கு நேரே வரும். சாக்குத்துணியைப் போர்த்தித் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அண்ணாச்சி. ஆறிய பின் மூடியைக் கைப்பம்பு மீட்டரில் மாட்டி, வாஷரை நனைத்து, குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா, அதற்குக் கீழே கசியாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். கழுத்தின் உள்விளிம்பில் சொட்டை இருந்தால் புது வாஷரும் உட்காராது.

மூடி சரியாக இருந்தும் வண்டி சூடேறலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்றுதான் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த நாட்களில் கிழக்கே தூத்துக்குடிக்கு மெதுவாகப் போகும் லாரிக்குக் காற்று முதுகுப் பக்கம் வரும். ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறைந்து, விசிறி மட்டுமே வேலை செய்யும். அப்போது வெப்பமானி முள் ஏறினால் உடனே மூடியைக் குறை சொல்ல வேண்டாம். அதே சுமையோடு திரும்பி வரும்போது முள் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும், விசிறியைச் சுற்றிய தகரக் கூட்டையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.