கீரை சாஸ், பனீர், கொத்தமல்லி: அமெரிக்காவில் ‘இந்தியன் பீட்சா’ வந்த கதை

பீட்சா இத்தாலிக்காரர்களுடையது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் ‘இந்தியன் பீட்சா’ எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பலரும் கைகாட்டுவது மிஷன் தெருவில் உள்ள ஜான்டே கடையைத்தான். அப்படி அதில் என்ன ஸ்பெஷல்?

யார் ஆரம்பித்தது?

பஞ்சாபிலிருந்து அமெரிக்கா போன தல்விந்தர் முல்தானி, முதலில் நியூயார்க்கில் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். 1986-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான்டே கடையை வாங்கினார். பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பீட்சாவோடு இந்தியச் சாப்பாட்டையும் விற்றார். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன.

என்ன வித்தியாசம்?

தக்காளி சாஸுக்குப் பதிலாக மசாலா சேர்த்த கீரை. அதன்மேல் சீஸ், காலிஃபிளவர், கத்திரிக்காய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், கொத்தமல்லி. அசைவம் கேட்டால் தந்தூரி சிக்கன். கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் நானைப் பாலக் பனீரில் தொட்டுச் சாப்பிடுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்!

குடும்பங்களுக்கு ஏன் பிடித்தது?

நாட்டுவாரியாகக் குடியேற்றத்துக்கு இருந்த ஒதுக்கீட்டை அமெரிக்கா 1965-ல் சட்டம் போட்டு நீக்கியது. 1990-ல் வந்த சட்டம் எச்-1பி விசாவை உருவாக்கியது. கலிஃபோர்னியாவுக்கு சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவர்கள் குடும்பமாக அங்கேயே தங்கினார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்துபோனார்கள். பேரனுக்கு பீட்சா வேணும். பாட்டிக்குக் காரசாரமா, சைவமா வேணும். ஒரே பெட்டியில் இரண்டு பேருக்கும் சாப்பாடு கிடைத்தது. இன்று ஃப்ரீமான்ட், சன்னிவேல் போன்ற ஊர்களிலும் இந்தியன் பீட்சா சகஜம்.

சீஸ் சைவம்தானா?

பாட்டி கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. பாலைத் திரிய வைக்க ‘ரென்னெட்’ என்ற பொருள் சேர்ப்பார்கள். பாரம்பரிய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. அதே நொதியை நுண்ணுயிர்கள் மூலம் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1990-ல் அனுமதி தந்தது. இப்போது அங்கே பெரும்பாலான சீஸ் இப்படித்தான் தயாராகிறது. ஆனால் இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குக் கன்றின் ரென்னெட் கட்டாயம். பனீரில் இந்தக் கவலையே இல்லை. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விட்டுத்தான் பாலைத் திரிக்கிறார்கள்.

கடையில் என்ன கேட்கலாம்?

‘வெஜ் பீட்சா’ என்று மெனுவில் இருந்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: சீஸில் என்ன ரென்னெட்? மேலே பார்மேசன் தூவுவீர்களா? சிக்கன் பீட்சா வெட்டிய அதே கத்தியால்தான் இதையும் வெட்டுவீர்களா? இந்தியக் குடும்பங்கள் அதிகம் வரும் கடைகளில் இந்தக் கேள்விகள் புதுசில்லை. பதில் திருப்தியாக இருந்தால், ஊரிலிருந்து வந்த அம்மாவும் தனியாகத் தயிர்சாதம் தேடாமல் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.