திருடாமலே முடக்கும் பிழை

திருவாடானை வட்டாரத்தில் வருமானச் சான்றிதழுக்கோ பட்டா நகலுக்கோ இ-சேவை மையம் போகிறவர்களுக்குப் பழகிப்போன பதில், 'சர்வர் டவுன்'. மின்தடை, நெட்வொர்க் கோளாறு, நெரிசல் என அதற்குக் காரணம் பல. யாரோ வேண்டுமென்றே சர்வரைத் திணறடித்தாலும் இதே பதில்தான் வரும். 'டினையல் ஆஃப் சர்வீஸ்' எனப்படும் இந்தச் சேவை முடக்கத்துக்கு, தகவலைக் காக்க வேண்டிய குறியாக்க மென்பொருளே வழிவிட்டது 2022-ல் தெரியவந்தது.

எந்த மென்பொருள்?

இணையதளத்துக்கும் நமக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வேலையை, ஏராளமான சர்வர்களில் செய்வது ஓப்பன்எஸ்எஸ்எல். அதிலுள்ள பிழையை கூகுள் நிறுவனத்தின் டாவிஸ் ஆர்மண்டி 2022 பிப்ரவரி 24-ல் தெரிவித்தார். மார்ச் 15-ல் திருத்தம் வந்தது. பிழையின் பதிவு எண் சிவிஇ-2022-0778.

என்ன பிழை?

இணையத்தில் அடையாளம் காட்ட டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. சிலவகைச் சான்றிதழைப் படிக்க ஒரு வர்க்கமூலக் கணக்குப் போட வேண்டும். அதன் ஒரு கட்டத்தில், எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஒரு வகுத்தியால் வகுத்து, மீதியை மறுபடி அதே மீதியால் பெருக்கி, மீதி 1 வரும்வரை போக வேண்டும்.

வகுத்தி பகா எண்ணாக இருந்தால், இந்த முறையில் எடுக்கப்படும் எண்ணுக்குக் கணக்கு முடிந்துவிடும். உதாரணமாக, வகுத்தி 17, தொடக்கம் 4: முதலில் 16, அடுத்து 256, மீதி 1. பகா எண் அல்லாத 15-ஐ வைத்து 6-ல் தொடங்கினால் 36, மீதி 6. மறுபடி 36, மறுபடி 6. 1 வரவே வராது.

வகுத்தி பகா எண்தானா என்று மென்பொருள் பார்க்கவில்லை. இத்தனை சுற்றோடு நிறுத்து என்ற வரம்பும் எல்லா நேரமும் வேலை செய்யவில்லை. அதற்கேற்ப ஒரு சான்றிதழைத் தயாரித்து நீட்டினால், கணினி செக்குமாடாகச் சுற்றும். கையொப்பம் அசலா என்று சோதிக்கும் முன்பே இந்தக் கணக்கு நடப்பதால், போலிச் சான்றிதழே போதும்.

யாருக்கு ஆபத்து?

பிறர் தரும் சான்றிதழைப் படிக்கும் மென்பொருள்களுக்கு: பயனாளரிடம் சான்றிதழ் கேட்கும் சர்வர்கள், வாடிக்கையாளரின் சான்றிதழை ஏற்றுக்கொள்ளும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் போன்றவை. 2014-ன் 'ஹார்ட்பிளீட்' பிழை சர்வரின் நினைவகத்தில் இருந்ததையே கசியவிட்டது. இதில் கடவுச்சொல் எதுவும் கசியாது. ஆனால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தொண்டியிலிருந்து பஸ் ஏறி வருபவருக்குத் தகவல் பத்திரமாக இருந்து என்ன பயன், வேலை நடக்காதபோது? ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவும் இதை 'உயர்' அபாயம் என்றே வகைப்படுத்தியது.

என்ன செய்யலாம்?

சுற்றுக்கு வரம்பைச் சரியாக வைத்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1என், 3.0.2 பதிப்புகளில் பிழை சரிசெய்யப்பட்டது. சேவை முடக்கத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. பொதுமக்கள் தனியாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சொந்த சர்வர் வைத்திருக்கும் பள்ளியோ நிறுவனமோ, அதில் ஓடுவது எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும். 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்துவிட்டது.