நேரசூசியும் மாணவர் கல்வியும்

ஒரு பாடசாலையின் தரத்தைப் பற்றிப் பேசுங்கால் பரீட்சை முடிவுகளையும் கட்டடங்களையும் ஆசிரியர்தம் பட்டங்களையும் எடுத்துரைப்பது நம்மவர் வழக்கம். அதிபரின் அறைச்சுவரில் தொங்கும் நேரசூசியை நோக்குவார் மிகச் சிலரே. எந்த ஆசிரியர், எந்த வகுப்புக்கு, எந்த வேளையிற் செல்ல வேண்டும் என்பதை அந்த ஒரு தாளே தீர்மானிக்கின்றது. ஆதலின் பிள்ளைகளின் கல்வியிற் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருக்கின்றது எனலாம்.

அமெரிக்க உளவியலறிஞர் ஜோன் கரோல் என்பார் 1963 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு விடயத்தைக் கற்க ஒரு மாணவனுக்கு எவ்வளவு காலம் தேவையோ, அவ்வளவு காலம் அவன் அதிற் கருத்தூன்றினால் கற்றுக்கொள்வான். காலம் குறையக் கல்வியுங் குறையும் என்பது அதன் சாரம். மந்தன் என்று நாம் ஒதுக்கும் பிள்ளை, பல சமயங்களிற் காலம் போதாத பிள்ளையாகவே இருக்கக் காண்கின்றோம்.

இனி, ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டுப் பாடசாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஒழுங்கு, நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகள், வேளை ஒன்றுக்கு 40 நிமிடங்கள் என்பதாகும். மணி அடித்தபின் ஆசிரியர் வந்து சேர்வதிலும் புத்தகங்களை எடுப்பதிலும் வேளைக்கு 5 நிமிடம் கழியுமாயின், நாளுக்கு 40 நிமிடம், அதாவது முழுதாக ஒரு பாடவேளை, மறைந்துபோகும். 200 நாட்களில் 200 பாடவேளைகள். அவை 25 முழு நாட்களுக்குச் சமம். ஐந்து வாரப் படிப்பு, எவரும் விடுமுறை அறிவிக்காமலே விடுமுறையாகி விடுகின்றது.

காத்தான்குடி, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் நெருங்கி வாழும் ஊர். இங்குள்ள முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் நோன்புக் காலத்தில் விடுமுறை. பிறையைக் கொண்டு கணிக்கும் ஆண்டு 354 அல்லது 355 நாட்களே கொண்டது. ஆதலால் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகின்றது. 2016 இல் ஜூன் மாதத்திற் பிறந்த ரமழான், 2026 இல் பெப்ரவரியிலேயே பிறந்தது. இவ்வாறு விடுமுறை ஒரு தவணையிலிருந்து மற்றொரு தவணைக்கு நகர்ந்துகொண்டே செல்ல, க.பொ.த. பரீட்சையோ நாடு முழுவதற்கும் ஒரே காலத்தில் நடைபெறுகின்றது. ஆகவே சென்ற ஆண்டின் பாடத்திட்டத்தைத் திகதி மாற்றிப் பிரதிசெய்யும் அதிபர், தம் மாணவர்களுக்கு நன்மை செய்தவராகார்.

கற்றதை மீண்டும் நோக்காவிடின் அது விரைவில் மறக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் 1885 இலேயே ஆராய்ந்து காட்டினார். எனவே விடுமுறைக்கு முன் ஓர் அலகை முடித்து வைத்தலும், திறந்த முதல் வாரத்தை மீட்டலுக்கு ஒதுக்குதலும் நன்று. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகையின் பொருட்டுப் பாடசாலை முன்னரே கலைகின்றது. அன்றைய கடைசி வேளையில் ஒரே வகுப்பின் கணிதத்தை ஆண்டு முழுவதும் வைத்தால், பாதிக்கப்படுவது அந்த வகுப்பே. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் வரவு குன்றுமாதலின், கடினமான அலகுகளை அக்காலத்துக்கு ஒதுக்காதிருத்தல் நலம்.

இவற்றையெல்லாம் எண்ணிச் செய்வதே தலைமைத்துவம். பாடசாலையினுள் மாணவர் கல்வியைப் பாதிக்கும் காரணிகளில், வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைத்துவத்துக்கு உரியதென லீத்வுட் முதலியோர் 2004 இல் எடுத்துரைத்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ரொபின்சனும் அவர்தம் குழுவினரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் கற்கும்போது அதிபர் தாமும் உடனிருந்து கற்பதே மிகுந்த பயன் தருவதெனக் கண்டது. ஒரே பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு வேளையைப் பொதுவாக ஓய்வாக்கிக் கொடுத்தால், அவர்கள் கூடியிருந்து மாணவர் பிழைகளை ஆராயலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. நேரசூசி வரைபவரின் கருத்து ஒன்றே வேண்டுவது.

நேரசூசியில் நீதியும் அடங்கியுள்ளது. திறமைமிக்க ஆசிரியரையும் காலை வேளையையும் பரீட்சை வகுப்புக்கே கொடுத்துவிட்டால், ஆறாந் தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு எஞ்சுவது யாது? அப்பிள்ளையும் ஐந்தாண்டில் பரீட்சைக்கு வரப்போகின்றவனே. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலையின் கதவைத் திறந்தது. உள்ளே வந்த பிள்ளை ஆசிரியரில்லாத வகுப்பில் அமர்ந்திருக்குமாயின், அவ்வுரிமை பாதியிலே நின்றுவிடுகின்றது.

பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. அடுத்த பெற்றார் கூட்டத்திற் பிள்ளையின் புள்ளிகளை விசாரிப்பதோடு, இத்தவணையில் அவ்வகுப்பு எத்தனை பாடவேளைகளை ஆசிரியரின்றிக் கழித்தது என்றும் பணிவோடு கேளுங்கள். அக்கேள்விக்குக் கணக்கு வைத்திருக்கும் அதிபர் மகிழ்ந்து விடை கூறுவார். வைத்திராதவர் மறுநாளே எழுதத் தொடங்குவார்.