வடிவமைப்பு மாணவர்க்கு ஏற்ற மடிக்கணினி

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றுவதற்கு அவ்வறிக்கையே அடிகோலியது. அதில் அவர்கள் லோட்டா என்னும் நீர்ச்செம்பைப் பெரிதும் பாராட்டி, அதனை ஆராய்வதற்குரிய கேள்விகளையும் வகுத்தனர். அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? எவ்வாறு எடுத்துச் செல்லப்படும்? எத்தகைய கைகள் அதைப் பிடிக்கும்? விலை யாது? வடிவமைப்புக் கல்வி பயிலப் புகும் மாணவர் மடிக்கணினி வாங்கும்போதும் இத்தகைய கேள்விகளே பயன் தரும்.

வடிவமைப்பில் இளநிலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் நடைபெறுவது. பெற்றோர் சேமிப்பைக் கொண்டோ கடன் பெற்றோ வாங்கும் கருவி அக்காலம் முழுவதும் உழைத்தல் வேண்டும். இது குறித்து ஆசிரியரிடம் யோசனை கேட்கப்படும்போது அவர் கூறத்தக்க விதி ஒன்று உண்டு. பின்னர் மாற்ற இயலாத உறுப்புகளுக்கு முதலில் பணம் செலவிட வேண்டும். பின்னர் சேர்த்துக்கொள்ளத்தக்கவை காத்திருக்கலாம்.

பாடப் பிரிவை அறிதல்

சுவரொட்டி, நூல் அமைப்பு, சித்திரம் ஆகியவற்றைப் பயில்வோரின் தேவை வேறு. இயந்திரப் பொருள்களின் முப்பரிமாண உருவங்களை அமைப்போரின் தேவை வேறு. முன்னவர்க்குச் சிறந்த திரை முக்கியம். பின்னவர்க்கு அதனுடன் தனிக் கிராபிக்ஸ் செயலகமும் தேவைப்படும். மென்பொருள்களிலும் வேறுபாடு உண்டு. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ் இயங்குதளத்திற்கென ஆக்கப்பட்டது. பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப் ஆகியவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவன, விலையின்றியும் கிடைப்பன. ஆகையால் கல்லூரி கூறும் மென்பொருள்களின் பட்டியலைப் பெற்ற பின்னரே கருவியை வாங்குதல் நன்று.

திரை

நல்ல திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றும் 256 படிநிலைகளில் ஒளிரும். இவற்றின் சேர்க்கையால் சுமார் 1.67 கோடி நிறங்கள் பிறக்கின்றன. விலை குறைந்த திரைகள் பலவற்றில் படிநிலைகள் 64 மட்டுமே. உண்மையில் தோன்றும் நிறங்கள் சுமார் 2.6 லட்சம். இடைப்பட்ட நிறங்கள் புள்ளிகளை விரைந்து மாற்றிப் போலியாகக் காட்டப்படுகின்றன.

நிறங்களின் வீச்சும் கவனிக்கத்தக்கது. எஸ்.ஆர்.ஜி.பி. எனப்படும் பொது அளவுகோல் 1999-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இதனை முழுமையாகக் காட்டும் திரையே மாணவர்க்கு உகந்தது. விவரத்தாளில் “45 சதவீதம் என்.டி.எஸ்.சி.” என்று குறிக்கப்பட்ட திரை, அவ்வளவுகோலின் பரப்பில் மூன்றில் இரு பங்கிற்கும் குறைவாகவே காட்டவல்லது. அத்தகைய திரையில் பச்சை மங்கித் தோன்றுவதால் மாணவர் அதைக் கூட்டி வைப்பார்; அதே படம் வேறு திரையில் கண்ணை உறுத்தும். பிழை மாணவருடையது அன்று, திரையுடையது. எனினும் மதிப்பெண் குறைவது மாணவர்க்கே. ஐ.பி.எஸ். வகைத் திரைகளில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. கடையில் திரையைச் சாய்த்துப் பார்த்து இதனைச் சோதிக்கலாம்.

நினைவகம்

ஏ3 அளவுத் தாளை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அமைத்தால், அதன் நீள அகலங்கள் 4961, 3508 புள்ளிகள் ஆகும், மொத்தம் 1.74 கோடி. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஓர் அடுக்கிற்கு 5.2 கோடி பைட் தேவை. இருபது அடுக்குகள் கொண்ட சித்திரம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். இயங்குதளமும் உடன் திறந்துள்ள பிற மென்பொருள்களும் இதற்கு மேற்பட்டவை. எனவே 8 ஜிகாபைட் நெருக்கடியானது. 16 ஜிகாபைட் தக்கது. முப்பரிமாண வேலைக்கு 32 ஜிகாபைட் உதவும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது. இதனை விற்பனையாளரிடம் கேட்டறிவது அவசியம்.

வெப்பமும் எடையும்

மடிக்கணினிகள் பலவும் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயங்குவதற்கென அமைக்கப்பட்டவை. நம் நாட்டின் பல நகரங்களில் கோடை வெப்பம் 40 பாகையைக் கடக்கிறது. வெப்பம் மிகும்போது செயலகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் விவரத்தாளில் உயர்ந்த வேகம் குறிக்கப்பட்டிருப்பினும், காற்றோட்டம் குறைந்த மெல்லிய கருவி நீண்ட வேலையில் தளர்ந்துவிடக்கூடும். மறுபுறம், விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட கணினி வலிமை மிக்கதாயினும் மின்னேற்றியோடு சேர்ந்து மூன்று கிலோ வரை எடை கொள்ளும். விடுதிக்கும் பயிலரங்குக்கும் நாள்தோறும் சுமக்க வேண்டியவர் மாணவரே.

காத்திருக்கத்தக்கவை

புற வன்தட்டு, சுட்டி, வரைபலகை, பெரிய தனித்திரை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒன்றாகப் பின்னர் வாங்கலாம். பல கருவிகளில் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தையும் மாற்றலாம். அதிகச் சேமிப்பிடத்தைக் காட்டி மங்கிய திரையை விற்கும் விளம்பரங்களில் மயங்குதல் கூடாது. பழுது பார்க்கும் நிலையம் கல்லூரி உள்ள ஊரில் உளதா என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

பணம் போதாவிடின் கல்விக்கு அது தடையாகிவிடாது. தொடக்க ஆண்டின் பயிற்சியில் கைவரைவும் மாதிரி செய்தலும் பெரும்பங்கு வகிப்பன. கல்லூரிக் கணினிக் கூடமும் பயன்படும். அவசரத்தில் தகாத கருவியை வாங்குவதைவிட, பிரிவு உறுதியாகும் வரை பொறுத்திருந்து தக்கதை வாங்குவதே சிக்கனம் என்பதை ஆசிரியர்கள் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் நலம்.