சிறு இன்பங்களும் நாளின் அமைப்பும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து

அளவா, அடிக்கடியா?

மகிழ்ச்சியை அளக்க முற்பட்ட உளவியலாளர்கள் தொடக்கத்திலேயே தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்று உண்டு: ஒருவருக்குக் கிட்டிய இன்பத்தின் தீவிரத்தைக் கணக்கில் கொள்வதா, அது எத்தனை தடவை கிட்டியது என்பதைக் கணக்கில் கொள்வதா? எட் டீனரும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 1991 ஆம் ஆண்டில் இதற்கு அளித்த விடை, எப்போதாவது வந்து போகும் பெருங்களிப்பைக் காட்டிலும் நாள்தோறும் அடிக்கடி தலைகாட்டும் மிதமான நல்லுணர்வே ஒருவருடைய மகிழ்ச்சியை நிர்ணயிக்கிறது என்பதாகும். புதுமனை புகுதல், பிள்ளையின் பட்டமளிப்பு, ஊர்த் திருவிழா ஆகியவற்றுக்கு ஆண்டில் சில நாட்களே உரியவை. எஞ்சிய நாட்களை நடத்திச் செல்பவை காலைத் தேநீர், தெரிந்த முகம் நின்று கேட்கும் நலவிசாரிப்பு, வேலை முடிந்து கால் நீட்டி உட்காரும் கால்மணி நேரம், வானொலியில் எதிர்பாராமல் ஒலிக்கும் பழைய பாட்டு போன்றவைதாம்.

இத்தகைய சிறு இன்பங்களை உடல்நலக் கட்டுரைகள் பெரும்பாலும் தனிமனிதரின் மனப்போக்காகவே கருதி, சின்னச் சின்னவற்றில் மகிழக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு நின்றுவிடுகின்றன. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதல் ரவாங், களும்பாங் வரை பரந்துள்ள தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழரின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அந்த அறிவுரை பாதிதான் உண்மை என்பது புலப்படும். வேலைமுறையும் வீடுகள் அமைந்த விதமும் நடந்து சேரக்கூடிய தூரமும் இடம் ஒதுக்கித் தந்தால்தான் சிறு இன்பங்கள் நாளுக்குள் நுழைய முடியும்.

பால்மரம் தந்த இடைவேளை

ரப்பர் மரத்தின் பட்டையில் ஓடும் பால்குழாய்களில் விடியலுக்கு முன்பே அழுத்தம் மிகுந்திருக்கும்; வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அது தணிந்துவிடும். இதனால்தான் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருட்டோடு எழுந்து, பிரட்டு எனப்பட்ட காலை வருகைப்பதிவுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினர். தமக்கு உரிய சில நூறு மரங்களையும் வெட்டி முடித்த பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. மங்கு எனப்படும் கிண்ணத்தில் பால் சொட்டி அடங்கும்வரை காத்திருந்துதான் அதனைச் சேகரிக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு மணி நேர இடைவேளையை எந்தத் துரையும் மனமுவந்து கொடுத்ததில்லை, மரத்தின் இயல்பு கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்நேரத்தில் மரத்தடியில் தூக்குச்சட்டி திறக்கப்படும். விரல்களில் ஒட்டிக் காய்ந்த பாலை நூல்நூலாக உருட்டி எடுத்தபடியே அடுத்த நிரைக்காரரோடு வீட்டுக்கதை பேசுவதும், பசியாறிவிட்டுச் சற்றே கண்ணயர்வதும், பெண்கள் கீரையோ விறகோ பொறுக்கி வைத்துக்கொள்வதும் நடக்கும். உடலியல் நோக்கில் இது பெறுமதி மிக்க ஓய்வாகும்: கடும் உழைப்புக்குப் பின் உடல் அமைதி நிலைக்குத் திரும்புகிறது, உணவு நிதானமாக உண்ணப்படுகிறது, பேச்சுத்துணை கிடைக்கிறது, அதுவும் விடுமுறை நாளில் மட்டுமன்றி வேலை நாட்களிலெல்லாம் கிடைக்கிறது.

இன்பத்தை நின்று நுகரும் திறனைச் சுவைத்துணர்தல் என்று உளவியலில் குறிப்பிடுவர். இதனைப் பற்றி ஃபிரெட் பிரயன்ட், ஜோசஃப் வெரோஃப் ஆகியோர் 2007 இல் எழுதிய நூல், வரப்போவதை எதிர்பார்த்தல், வந்ததில் திளைத்தல், போனதை நினைவுகூர்தல் என அதற்கு மூன்று காலங்களும் உண்டு என விளக்குகிறது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படமும், ஆண்டுக்கொரு முறை வந்த மாரியம்மன் திருவிழாவும் இம்மூன்று காலத்திலும் இன்பம் தந்தவை. படம் ஓடியது ஓர் இரவுதான் என்றாலும், அதைப் பற்றிய பேச்சு முன்னும் பின்னுமாகப் பல நாட்கள் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் வாசல்களில் ஓடியது.

இழிவின் நடுவே

இவ்வாறு சொல்வதால் தோட்ட வாழ்க்கை இனிதாக இருந்தது என்று யாரும் கொள்ளக் கூடாது. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்துப் பிற இடங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தாலே அது விளங்கும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரப்பட்டன. மாலையில் தன் மிதிவண்டியைத் தன் போக்கில் ஓட்டிச் செல்வது எவ்வளவோ சிறிய இன்பம். ஆயினும் அதற்காகவும் போராட வேண்டியிருந்தது என்னும் செய்தி, மனநலத்தைத் தன்மானத்திலிருந்து பிரித்துப் பேச இயலாது என்பதற்கு எந்த ஆய்வறிக்கையைக் காட்டிலும் நல்ல சான்றாகும்.

செம்பனையும் புதுக் குடியிருப்பும்

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917 இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் இதே வட்டாரத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டபோது பயிரோடு பொழுதும் மாறிற்று. வெட்டிய குலையைத் தாமதிக்காமல் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும் என்பதால், அறுவடையும் உதிரிப் பழம் பொறுக்கலும் வண்டியில் ஏற்றுதலும் ஒன்றையொன்று விரட்டுகின்றன; சொட்டி முடியக் காத்திருக்கும் அந்தப் பழைய இடைவேளைக்கு இதில் இடமில்லை.

பின்னர்த் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, லயங்களில் இருந்தோர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். குடிநீர், மின்சாரம், சொந்தப் பெயரில் வீடு ஆகியவை இதனால் கிடைத்த பெரும் பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்தால் தானே வந்து சேரும் பேச்சு, கொல்லையில் நின்ற முருங்கை, நடந்தே போகக்கூடிய கோயில், பிள்ளைகள் ஓடித்திரிந்த திடல் ஆகியவை கணக்கில் எடுக்கப்படாமலே விடுபட்டன. நான்காம் மாடியில் மூட்டுவலியோடு இருக்கும் முதியவர்க்கு மின்தூக்கி பழுதானால் அன்றைய தேநீர்க்கடையும் இல்லை, அங்கே இருக்கும் கூட்டாளியும் இல்லை.

நெருங்கிய உறவல்லாத அறிமுகங்களை மெல்லிய உறவுகள் என்று சமூக அறிவியலாளர் அழைப்பர். இவற்றை ஆராய்ந்த கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் ஆகியோர், காப்பிக் கடையில் பணியாளரிடம் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், வாங்கிய கையோடு பேசாமல் போனவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்ததை 2014 இல் பதிவு செய்தனர். ஒட்டுக்கடைக்காரர் கேட்பதற்கு முன்பே வழக்கமான தேநீரைக் கலக்கத் தொடங்குவதில் உள்ள இதம் இதுவே. ஆகவே புதுக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்குத் தரத்தக்க முதல் அறிவுரை, மாடிப்படியின் கீழே நாலு நாற்காலி போட்டு மாலையில் ஒரே நேரத்துக்குக் கூடுவது, நடைபாதையில் கறிவேப்பிலையும் துளசியும் தொட்டியில் வளர்ப்பது, கடைக்கு வண்டியை எடுக்காமல் நடந்து போவது போன்று நாளைத் திருத்தியமைக்கும் செயல்களாக இருக்க வேண்டும். மனத்தைத் திருத்தும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழகிப்போதலும் நாலு நம்பரும்

எந்த இன்பமும் தொடர்ந்து கிடைத்தால் அதன் கூர்மை மழுங்கும். இதனை இன்பம் பழகிப்போதல் என்பர். ஃபிலிப் பிரிக்மனும் இணை ஆய்வாளர்களும் 1978 இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் குலுக்கலில் பெருந்தொகை வென்ற 22 பேரைப் பரிசு பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பதோடு, நண்பரோடு பேசுதல், காலை உணவு உண்ணுதல், நகைச்சுவை கேட்டல் போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் அடைந்த இன்பம் குறைந்திருந்ததையும் கண்டனர். கனவில் வந்த எண்ணையும் விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணையும் நாலு நம்பராக எழுதிச் சனி, ஞாயிறு குலுக்கலுக்குக் காத்திருப்போர் இம்முடிவைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் உண்டு: சுவீடனில் நடந்து 2020 இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு ஒன்று, பரிசுத்தொகை ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கொள்ளும் மனநிறைவை நீண்ட காலத்துக்கு உயர்த்துவதாகவும், அன்றாட மகிழ்ச்சியில் அதன் தாக்கம் சிறிதாகவே இருப்பதாகவும் காட்டியது. கடன் தீர்ந்தால் மனம் இலேசாகும். ஆனால் காலைத் தேநீரின் சுவை அதனால் கூடிவிடாது. பணமும் மனநிறைவுக்கு வேண்டியது என்பதால், குறைந்த கூலிக்குச் சிறு இன்பங்களை மாற்றாகக் காட்டுவோரை ஐயத்தோடு பார்ப்பதே முறை.

பழகிப்போதலுக்கு எளிய மாற்று, இடைவெளி விடுதலும் சிறு மாறுதலும் ஆகும். நாள்தோறும் உண்ணும் பலகாரம் வாரத்துக்கு ஒரு முறை என்றானால் நாக்கு அதனை மீண்டும் அடையாளம் கண்டுகொள்ளும்.

சீனி, கள், கைப்பேசி

சிறு இன்பங்கள் எல்லாமே நலம் தருபவை அல்ல. கள்ளுக்கடையும் ஒரு காலத்தில் தோட்ட நாளின் அமைப்புக்குள் வைக்கப்பட்ட இன்பம்தான். கூலியின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிச் சென்றது, குடும்பங்கள் சிதைந்தன, பின்னர் அதன் இடத்தை மலிவுச் சாராயமான சம்சு பிடித்தது. இன்று அதே இடத்தில் சீனி இருக்கிறது. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களுள் நீரிழிவு விகிதம் இந்தியரிடமே மிகுதி என்பதைத் தேசிய உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன; கெட்டிப்பாலும் சீனியும் கலந்த தேநீரை நாளுக்கு நாலு தடவை குடிப்பது அதற்குத் துணைபோகிறது. எனினும், தேநீரை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொல்லும்போது நோயாளி கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டால், குருதியில் சர்க்கரை குறைந்தாலும் தனிமை கூடிவிடும். தேநீர் சீனி சேராத கொசோங்காக மாறலாம், கடையும் கூட்டாளியும் மாற வேண்டியதில்லை என்று சேர்த்துச் சொல்வதே முழுமையான மருத்துவ ஆலோசனையாகும்.

கைப்பேசியில் ஓடும் குறுங்காணொளிகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. அடுத்தது என்னவோ என்ற எதிர்பார்ப்பைத் தூண்டும் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளை அவை இடைவிடாது கிளறுகின்றன. எதிர்பார்ப்பு நிற்பதில்லை என்பதால் நிறைவும் வருவதில்லை.

ஆற்றங்கரையும் குன்றும்

கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. ஆண் பூச்சிகள் துணையை அழைக்கும் குறி அது. துடுப்புப் படகில் சத்தமின்றிப் போய் அதனைக் காண வெளிநாட்டிலிருந்து பயணிகள் வருகின்றனர். சில மைல் தொலைவில் பிறந்து வளர்ந்தோர் பலர் அதனை ஒருமுறைகூடப் பார்க்காதிருப்பது பழகிப்போதலின் இன்னொரு முகம். மலாவாத்தி குன்றில் சாம்பல் நிறத் தாய்க்குரங்கின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கவும் கட்டணமில்லை. (அவற்றுக்குத் தீனி போடாமல் பார்ப்பது இன்னும் நல்லது.) இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்போர் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையவராகத் தம்மைக் கூறும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டது. அந்த நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பல தவணையாகக் கழித்தாலும் பயன் ஒன்றாகவே இருந்தது.

இன்பமே தோன்றாத நிலை

முன்பு பிடித்தவை எவையும் இப்போது பிடிக்காமல் போவதை இன்பமின்மை என்று மனநல மருத்துவம் வரையறுக்கிறது. மனச்சோர்வு நோயின் இரு தலையாய அறிகுறிகளுள் இது ஒன்று. பேரப்பிள்ளை வந்தாலும் எழுந்து வராமை, பிடித்த பாட்டு ஒலித்தாலும் வானொலியை அணைத்துவிடுதல், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதனைச் சோம்பல் என்றோ வயது என்றோ செய்வினை என்றோ ஒதுக்கிவிடாமல், அருகிலுள்ள அரசு உடல்நல மருந்தகத்தில் காட்ட வேண்டும். தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019 இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023 இல் 4.6 விழுக்காடாக உயர்ந்துள்ளது. உடனடியாகப் பேச விரும்புவோர்க்குச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொடர்பு எண் 15555 உள்ளது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023 இல் நீக்கப்பட்டுவிட்டதால், உதவி கேட்டால் வழக்கு வருமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

இந்நோய்க்குரிய சிகிச்சைகளுள் செயலூக்கச் சிகிச்சை என்பது சிறு இன்பங்களையே மருந்தாகக் கொண்டது. விருப்பம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், குளித்துவிட்டு வாசலில் உட்காருதல், ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுதல் போன்றவற்றை நேரம் குறித்து முதலில் செய்யவைப்பதும், விருப்பம் மெல்ல அதன் பின்னால் வரக் காத்திருப்பதும் இதன் முறை. பீட்டர் லெவின்சனும் அவருடைய குழுவினரும் 1970களில் இதற்கென 320 இன்பச் செயல்கள் கொண்ட பட்டியலையே தயாரித்தனர். மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இச்சிகிச்சையை வழங்க இயலும் என்பதைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. அத்தகைய பயிற்சிக்கு ஏற்றவர்களை வட சிலாங்கூரில் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கோயில் நிர்வாகங்களிலும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும், யார் சில வாரங்களாகத் தென்படவில்லை என்று முதலில் கவனிக்கும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.