மருந்தா, பருந்தா?

கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் 'மருந்து' என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே 'பருந்து' என்றும் சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறக்கும். மனமும் பணமும் அப்படித்தான், மாடும் பாடும் அப்படித்தான். காது கேளாதவர் எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதில் பெரும்பகுதி ஊகம். முன்னால் வந்த சொல், முகக்குறிப்பு, இடம், பொருள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 'இங்கே பருந்துக்கு என்ன வேலை, மருந்தாகத்தான் இருக்கும்' என்று ஒரு முடிவுக்கு வரவேண்டும். அதற்குள் எதிராளி அடுத்த வாக்கியத்தில் பாதி தூரம் போயிருப்பார்.

இந்த நிலையில் ஒருவர் பிரிட்டனின் மக்களவையில் இருபத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காரவில்லை. மருந்து, தடுப்பூசி, ஊனமுற்றோர் உதவித்தொகை என்று அமைச்சர்களைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தார். பெயர் ஜாக் ஆஷ்லி.

1922-ல் விட்னெஸ் நகரில் பிறந்தவர். லிவர்பூலுக்குப் பக்கத்தில், ரசாயன ஆலைகளின் ஊர். ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். அம்மா துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போன பையன், தொழிற்சங்கம், நகர்மன்றம் என்று ஏறி, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரிக்கும் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கும் போய், அங்கே மாணவர் விவாத மன்றத்துக்கே தலைவரானார். பிறகு பிபிசி. 1966-ல் பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் தெற்குத் தொகுதியில் தொழிற்கட்சி உறுப்பினர். பேச்சே முதலாக வாழ்ந்த மனிதர்.

1967 டிசம்பரில் காதில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. கொஞ்சம் மந்தமாக இருந்த செவியைச் சரிசெய்யப் போனது, இரண்டு காதிலும் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வயது 45. மௌனம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. தலைக்குள் ஓயாத இரைச்சல் ஒன்று மட்டும் கடைசிவரை தங்கிவிட்டது. பதவியை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். தொகுதி மக்களும் சக உறுப்பினர்களும் விடவில்லை. அவசர அவசரமாக உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டு 1968-ல் அவைக்குத் திரும்பினார்.

அறுநூற்றுச் சொச்சம் பேர் நெருக்கியடித்து உட்காரும் அவை அது. யார் எழுந்து பேசுகிறார் என்பதே காதால்தான் தெரியும். ஆஷ்லி தலையைத் திருப்பி ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். தன் குரல் உரக்கக் கேட்கிறதா, முணுமுணுப்பாகப் போகிறதா என்பதும் தெரியாது. நண்பர் ஒருவர்தான் கையால் சைகை காட்டுவார். வீட்டில் தொலைபேசிக்குக் கூடுதலாக ஒரு காதுக்குழாய். மனைவி பாலின் அதைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் வருவதைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆஷ்லி மனைவியின் முகத்தைப் பார்த்தபடி தன் குழாயில் பதில் பேசுவார். நடுவில் இன்னொருவர் இருப்பது மறுமுனைக்காரருக்குத் தெரியாமலே உரையாடல் முடிந்துவிடும்.

கேள்வி நேரம் என்ற வழக்கத்தை நமக்குக் கொடுத்ததும் அந்த அவைதான் என்பதால், அதன் சூட்சுமம் நமக்கும் தெரிந்ததே. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதிகாரிகள் பதிலை எழுதி அமைச்சர் கையில் கொடுப்பார்கள். 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்று நம் சட்டமன்றத்தில் காலம் காலமாக ஒலிக்கிற வாக்கியங்களுக்கு லண்டனிலும் சொந்தக்காரர்கள் உண்டு. ஆகவே அச்சில் வருகிற கேள்வி வெறும் மிதவை. முள் இருப்பது, பதில் வந்த மறுகணம் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியில். அமைச்சரிடம் அதற்கு எழுதிய பதில் இல்லை, அல்லது இருக்கிற பத்துப் பதிலில் எது என்று தேட வேண்டும்.

காது கேட்கிற உறுப்பினர் அமைச்சரின் பதிலைக் கேட்டுவிட்டு, அதில் ஓட்டை எங்கே என்று பார்த்துத் துணைக் கேள்வியை அமைக்கலாம். ஆஷ்லிக்கு அந்த வசதி இல்லை. அமைச்சர் தாளைப் பார்த்துக் குனிந்து படித்தால் உதடே தெரியாது. அப்படியென்றால் என்ன சொல்லித் தப்பிப்பார் என்பதை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டுதான் வரவேண்டும். அவருடைய பலமே இதில்தான் இருந்தது என்பது என் கணிப்பு. பதில் தெரியாத கேள்வியை அவர் கேட்பதற்கில்லை. நம் அவைகளில் பல துணைக் கேள்விகள் தொகுதிக்குப் பேருந்து நிலையம் கேட்பதில் போய் முடிவதைப் பார்க்கும்போது, இந்த நிர்ப்பந்தம் எல்லோருக்குமே இருந்தால் நல்லது என்று தோன்றும்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் 1957-ல் சந்தைக்குக் கொண்டுவந்த தூக்க மருந்து. கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் தரப்பட்டது. பிரிட்டனில் 1958 ஏப்ரல் முதல் 'டிஸ்டாவல்' என்ற பெயரில் விற்றது டிஸ்டில்லர்ஸ் நிறுவனம். பெயரே சொல்வதுபோல் அது சாராய வியாபாரி. ஜானி வாக்கர் விஸ்கியும் கார்டன்ஸ் ஜின்னும் அதனுடையவை. மருந்து ஒரு பக்கத் தொழில். தாய் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அதை விழுங்கியிருந்தால், குழந்தைக்குக் கை கால் வளரவில்லை. தோளிலிருந்து நேரே விரல்கள். சிலருக்குக் கண், காது, உள்ளுறுப்புகளிலும் சேதம். 1961 டிசம்பரில் பிரிட்டனில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரம் குழந்தைகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

புது மருந்தை அரசு சோதித்து அனுமதிக்க வேண்டும் என்ற சட்டமே அன்று பிரிட்டனில் கிடையாது. அப்போதைய சுகாதார அமைச்சர் ஈனக் பவல் பொது விசாரணைக்கு மறுத்துவிட்டார். பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1968-ல் 62 குழந்தைகளுக்கு, வழக்கில் முழுதாக வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் நாற்பது சதவீதம் என்று ஒரு சமரசம். மீதி முன்னூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மொத்தமாக 32.5 லட்சம் பவுண்டு தருகிறோம், எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொண்டால் மட்டும் என்றது நிறுவனம். ஒப்புக்கொள்ள மறுத்த சில பெற்றோரைப் பிள்ளைகளுக்காக முடிவெடுக்கும் உரிமையிலிருந்தே நீக்க நீதிமன்ற முயற்சி நடந்தது. 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. குழந்தைகள் இதற்குள் பத்து வயதைத் தொட்டுவிட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி சண்டே டைம்ஸ் இதைக் கையிலெடுத்தது. மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற அடுத்த கட்டுரைக்கு, நிலுவையிலுள்ள வழக்கைப் பாதிக்கும் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் நவம்பரில் தடை வாங்கினார். பத்திரிகையின் வாய் பூட்டப்பட்டுவிட்டது. ஆனால் 1689 முதல் நாடாளுமன்றத்துக்குள் பேசுகிற பேச்சை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. பத்திரிகை சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். அங்கேயும் ஒரு பூட்டு இருந்தது: நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் விஷயத்தை அவை பேசக்கூடாது என்று அது தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. சட்டப் பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை, நிறுவனத்தின் தார்மீகப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஆஷ்லி கையிலெடுத்த சாவி. சபாநாயகர் செல்வின் லாய்ட் அனுமதித்தார்.

நவம்பர் 29. ஆஷ்லி எழுந்து சொன்னவற்றில் ஒன்று மட்டும் போதும். கைகள் இல்லாத, கால்கள் இல்லாத, ஒற்றைக்கண் சிறுவன் ஒருவன், வயது பத்து, உயரம் இரண்டடி. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கவைத்த இரண்டு விஸ்கி பாட்டில்களின் உயரம். பிடித்துக்கொள்ளக் கை இல்லாத, ஆடுவதற்குக் கால் இல்லாத பதினொரு வயதுப் பெண் சிரிப்பையும் காதலையும் எப்படி எதிர்பார்த்திருப்பாள் என்றும் கேட்டார். விஸ்கி பாட்டில் என்று அவர் சொன்னது அளவுக்காக அல்ல என்பது அவையில் எல்லோருக்கும் புரிந்தது. தான் பேசியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை.

அரசின் சார்பில் பதில் அளித்தவர் சமூகச் சேவைத் துறை அமைச்சர் கீத் ஜோசஃப். இழப்பீடு, நிறுவனத்துக்கும் பெற்றோருக்கும் இடையிலான விவகாரம் என்பதுதான் அரசு பிடித்த நிலை. ஆனால் அந்த நாட்களில், தாலிடோமைடு என்றில்லாமல் கடுமையான பிறவி ஊனம் உள்ள எல்லாக் குழந்தைகளின் குடும்பங்களுக்கும் 30 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாக அவர் அறிவித்திருந்தார். கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பக்கத்து வீட்டில் பந்தி போடுகிற சாமர்த்தியம் என்று அப்போது இதைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பணத்தில் பிறந்த 'குடும்ப நிதியம்' இன்றும் இயங்குகிறது. நழுவலாகக் கிடைத்த பதிலும் சில சமயம் அடுப்பெரியப் பயன்படும்.

டிஸ்டில்லர்ஸ் இதற்குள் 50 லட்சம் பவுண்டுக்கு ஏறியிருந்தது. பெரிய காப்பீட்டு நிறுவனங்களான பங்குதாரர்களே முகம் சுளித்தார்கள். சில கடைகள் அதன் மதுவகைகளை விற்க மறுத்தன. 1973 ஜனவரியில் தொகை 2 கோடி பவுண்டானது. பிறகு அந்த நிதியின் வருமானத்துக்கு வருமான வரி என்ற வேடிக்கையும் நடந்தது. அதை ஈடுகட்ட 1974-ல் அரசே 50 லட்சம் கொடுக்க வேண்டியிருந்தது. சண்டே டைம்ஸ் மீதான தடை தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது 1979-ல், அதுவும் பதினொன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில்.

அடுத்த கேள்வியில் ஆஷ்லியின் பாதை இத்தனை நேரானதல்ல. கக்குவான் இருமல் தடுப்பூசியால் பிள்ளைகளுக்கு மூளைச் சேதம் ஏற்பட்டதாகச் சில பெற்றோர் சொன்னார்கள். ஊருக்கு நல்லதென்று அரசு ஊசி போடச் சொல்கிறது. அதில் ஒரு குழந்தை அடிபட்டால் அந்தச் செலவை ஊர்தானே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கேட்டது இழப்பீடு. ஆனால் அதே காலத்தில் நாளிதழ்களும் தொலைக்காட்சியும் கிளப்பிய பயம் வீடு வீடாகப் போய்விட்டது. எண்பது சதவீதத்தை நெருங்கியிருந்த கக்குவான் தடுப்பூசி, 1970-களின் பிற்பகுதியில் முப்பதுக்கு அருகில் விழுந்தது. 1977 முதல் 1979 வரை பரவிய கக்குவானில் லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. 1979-ல் சட்டம் வந்தது: கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 10,000 பவுண்டு. 1988-ல் ஒரு வழக்கில் நீதிபதி, இந்த ஊசிதான் நிரந்தர மூளைச் சேதம் உண்டாக்கியது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தார்.

ஆஷ்லி கேட்டது தவறா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடிபட்டவருக்குக் கட்டாயம் உதவி உண்டு என்று தெரிந்தால் ஊசிக்குக் கை நீட்டுவது சுலபமாகும். அந்த வாதம் இன்றும் நிற்கிறது. என்றாலும் உடல்நலத்தைப் பற்றி அவையில் எழுகிற கேள்வி, அமைச்சரின் காதோடு நின்றுவிடுவதில்லை. தாயின் காதில் அது வேறு சொல்லாக விழும். மருந்து என்றால் பருந்து என்று.

1970-களின் இறுதியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் நியூவெல் குழுவினர் அவருக்கென ஒரு கருவி செய்தார்கள். பாலன்டைப் என்ற சுருக்கெழுத்து இயந்திரத்தில் ஒருவர் பேச்சைத் தட்ட, கணினி அதைச் சொற்களாக்கி அவர் முன் இருந்த சின்னத் திரையில் காட்டும். தெரியாத சொல் வந்தால் ஒலிப்படி ஏதோ ஓர் எழுத்துக்கூட்டல் வரும். ஊகம் முழுக்கப் போகவில்லை. 1992-ல் பிரபுக்கள் அவைக்குப் போனார். 1993-ல் காதுக்குள் பொருத்திய கருவி ஒன்றால் கால் நூற்றாண்டுக்குப் பின் மனைவியின் குரலை மீண்டும் கேட்டார். பிரபுக்கள் அவையிலும் ஊனமுற்றோர் சுயமாக வாழ்வதற்கான மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

2010 ஜனவரி 14 அன்று சுகாதாரத் துறை இணையமைச்சர் மைக் ஓ'பிரையன், தாலிடோமைடு குழந்தைகளுக்கு நேர்ந்ததற்கு அரசின் சார்பில் மக்களவையில் வருத்தம் தெரிவித்தார். குழந்தைகளுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஆஷ்லி 2012 ஏப்ரலில், 89 வயதில் இறந்தார். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, ஜெர்மனியின் ஷ்டோல்பர்க் நகரில் தாலிடோமைடு நினைவுச் சிலை ஒன்றின் திறப்பு விழாவில் குருனென்தாலின் தலைமை நிர்வாகி முதன்முறையாக மன்னிப்புக் கேட்டார். ஐம்பது ஆண்டுகள் ஏன் எதுவும் பேசவில்லை என்பதற்கும் காரணம் சொன்னார். அதிர்ச்சியில் வாயடைத்துப் போயிருந்தார்களாம்.